பலகை இல்லாத நிமித்தம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934ஆம் வருஷம், அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் மாதம்

கிள்ளானில் வசிக்கும் அன்புள்ள மைத்துனர் கிரிகரி அவர்களுக்கு, அத்தான் சவரிராயன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நான் சுகம். கால் மட்டும் முக்கால் சுகம். அங்கு நீரும் பிள்ளைகளும், உம்மிடம் வந்து தங்கியிருக்கிற உம்முடைய தமக்கையும் என் மனைவியுமாகிய பிலோமினாவும் சுகமாயிருக்கும்படி தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். பிலோமினாவுக்கென்று உருட்டும் மணிகள் சற்று அதிகம். அதற்காக நீர் வருத்தப்பட வேண்டாம்.

என் கையெழுத்துள்ள உறை எதையும் பிரிப்பதில்லை என்று அவள் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர். ஆகவே உறையின் மேல் உம்முடைய பெயரை எழுதியிருக்கிறேன். கப்பலில் இருப்பவனைக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரலில்தான் நீர் எந்தக் கடிதத்தையும் வாசிப்பீர் என்பதை நான் அறிவேன். தயவுசெய்து அடுப்படிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசியும். நான்காம் எண்ணை மட்டும் மனதுக்குள் படியும். குழப்பம் வராதபடி, சொல்லப்போவதை முன்கூட்டியே வரிசைப்படுத்துகிறேன்:

1. நான் சாக்கடையில் விழுந்ததற்குக் காரணம் பக்கிரிசாமி பலகையை எடுத்ததே.
2. பிலோமினா கேட்ட கேள்விக்கும் நான் விழுந்ததற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.
3. கோர்ட்டில் நான் சொன்னது ஒன்று. துபாஷி சொன்னது வேறொன்று.
4. (மனதுக்குள்) அவள் புறப்படும்போது சொன்னது மிரட்டலா, அல்லவா?
5. தனியாக நான் சௌகரியமாகவே இருக்கிறேன். ஆகவே அவள் திரும்பி வருவது நியாயத்துக்காகவே தவிர, என் வயிற்றுக்காக அல்ல.

முதல் எண். என் வீட்டுக்கு எதிரே பக்கிரிசாமியின் காப்பிக்கடை இருப்பதும், கடைக்கு முன்னால் பெரிய சாக்கடை ஓடுவதும் உமக்குத் தெரியும். அதை இந்த ஊரார் லோங்காங் என்கிறார்கள். உள்ளே விழுந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இரண்டு பெயருமே அதற்குப் போதாது. அதைத் தாண்டிக் கடைக்குள் போக ஒரு பலகை, நான் ரயில்வேயில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, முடிந்து பென்ஷனோடு இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து, போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவன் மூக்குப்பொடி டப்பி காலியாயிருப்பதைக் கண்டு, வாசித்த இடம் தப்பாமல் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இருந்த கோலத்திலேயே எழுந்து, தெருவைக் கடந்து, பலகை கிடக்கும் இடத்தில் காலை வைத்தேன். இடம் இருந்தது, பலகை இல்லை. பிறகு நான் பார்த்தது வானம். பக்கிரிசாமிதான் ஓடி வந்து, என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய் ஒரு பெஞ்சில் கிடத்தினான். வலியோடு வலியாக, "பலகை எங்கேப்பா?" என்று கேட்டேன். "நீங்க படுத்திருக்கிறதே அதுதாங்க கிராணி ஐயா. பழைய பெஞ்சு ஒடிஞ்சு போச்சு, நேத்துத்தான் கால் வச்சு அடிச்சேன். நல்லா இருக்குதுங்களா?" என்றான். நல்லாத்தான் இருந்தது என்று சொல்லித் தொலைத்தேன். எதிர்த்தரப்பார் அதையும் கோர்ட்டில் எடுத்துக்காட்டினார்கள்.

வழக்குப் போடுகிற துணிவு எனக்கு ஏது? மாதாகோயில் பெஞ்சில் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், பூசை முடியும்வரை நின்றுகொண்டிருப்பவன் நான். பக்கிரிசாமியும் தினம் ஒரு காப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பிலோமினாவோ ஆரம்பத்திலிருந்தே, "வேணாங்க, கேசு கீசுன்னு போகாதீங்க" என்றாள்; ஏன் என்று கேட்டால், "நான் சொன்னா எப்பக் கேட்டிருக்கீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்க வந்த நீர்தான் என் கட்டுப்போட்ட காலைப் பார்த்து, "சும்மா விடாதீங்க அத்தான்! இன்னிக்குப் பலகைய எடுத்தான், நாளைக்குத் தெருவையே எடுப்பான்!" என்று எகிறிக் குதித்தீர். உம்மைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வரிசை தவறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வக்கீல் ராதாகிருஷ்ணன் நல்ல பிள்ளை. என் புகார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சேதங்களை வரிசையாகச் சொன்னேன்: இடது கணுக்கால், ஒரு வேட்டி, படிக்கிற மூக்குக்கண்ணாடி ஒன்று சுக்குநூறு, அதேமாதிரி புதிது வாங்கின செலவு தனி. தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி மேஜைமேல் பத்திரமாக இருந்த விஷயத்தையும், உண்மையை மறைக்கக் கூடாதென்று சொல்லிவைத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "ஐயா, அவன் அஜாக்கிரதையா இருந்தான்னு காட்டுறது சுலபம். அது மட்டும் பத்தாது. அந்த அஜாக்கிரதையாலதான் உங்க கால் போச்சுன்னு காட்டணும். பலகை இருந்திருந்தா நீங்க விழுந்திருப்பீங்களா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். நாகப்பட்டணத்தில் சாமியார்களிடம் தர்க்கம் படித்த எனக்கு இந்தக் கேள்வி தேன்மாதிரி இனித்தது. "விழுந்திருக்க மாட்டேன்" என்றேன். சொன்ன உடனே, சரியாகத்தான் சொன்னோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் எனக்கு எப்போதும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் எண். இங்கே உம்முடைய குரலைச் சற்று உயர்த்தும். வெளியே காலெடுத்து வைக்கிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போன காரியம் கெடும் என்பது நம்மவர் வழக்கம். நாசூக்குத் தெரிந்தவர்கள் "தூரமா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வார்கள். பிலோமினாவுக்கு அந்த நாசூக்கு கிடையாது. இது குறை அல்ல, அவள் சுபாவம். அன்று நான் வாசற்படியில் காலை வைத்ததும், உள்ளேயிருந்து, "எங்க போறீங்க?" என்று கேட்டாள். பொடி வாங்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்துவதில் அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை. கையை ஆட்டிவிட்டு விடுவிடுவென்று நடந்தேன். அவள் பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் "மாட்டிக்கிட்டு" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அடுத்து நான் விழுந்தேன்.

பக்கத்து வீட்டு முன்தாழ்வாரத்தில், இந்த ஊரார் சொல்கிற அஞ்சடியில், வடை சுடுகிற வீரம்மா இதையெல்லாம் கண்ணால் கண்டவள். "கிராணியம்மா கேட்டாங்க, ஐயா விழுந்தாரு. இதுல என்னாத்த ஆராயறது?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முன்னதால்தான் பின்னது நடந்தது என்று ஆகாது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "அப்ப, நான் வடையப் போட்டதும் எண்ணெய் பொரியுதே, அது யாரால?" என்றாள். வடையால்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆயினும் என் நியாயம் எளிது. பிலோமினா என்னை எங்கே போகிறீர்கள் என்று கேட்காத நாளே கிடையாது. பூசைக்குப் போகும்போது கேட்கிறாள். மார்க்கெட்டுக்கு அவளே என்னை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே கேட்கிறாள். அந்த நாட்களிலெல்லாம் நான் விழவில்லை. அன்று மட்டும் விழுந்தேன். அன்று மட்டும் என்ன புதிது? கேள்வி பழையது, பலகை இல்லாததுதான் புதிது. ஆகவே பலகையே காரணம். இதைக் கோர்ட்டில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வழக்கு முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. இப்போதுதான், எதிரே யாருமில்லாத மேஜையில், இவ்வளவு சரளமாக வருகிறது.

மூன்றாம் எண். ஆபீசில் என் உத்தியோகம் முழுவதும் இங்கிலீஷில்தான் எழுதினேன். ஆனால் ஜட்ஜாக ஒரு வெள்ளைக்காரத் துரை எதிரே உட்கார்ந்து பார்த்தால் எனக்கு இங்கிலீஷில் என் பெயரே தடுமாறும். ஆகையால் தமிழிலேயே சாட்சி சொல்லுகிறேன் என்றேன். துபாஷி யாழ்ப்பாணத்துப் பெரியவர், மரியாதைஸ்தர். "ஐயா, நீங்கள் ஏன் விழுந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் படித்த தமிழ் அத்தனையையும் திரட்டி, "பலகை இல்லாத நிமித்தம் விழுந்தேன்" என்றேன். 'பலகை இல்லாததால்' என்று சாதாரணமாய்ச் சொல்லியிருக்கலாம். சபையில் பேசுகிறோமே, கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

துபாஷி புருவத்தைச் சுருக்கி, "நிமித்தமோ? நிமித்தம் எண்டால் சகுனமல்லோ?" என்றார். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது உண்மை. வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். "அப்படியும் பொருள் உண்டு" என்றேன். அவர் துரையிடம் திரும்பி, சாட்சி ஒரு சகுனத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தார். பக்கிரிசாமியின் வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்னங்க சகுனம்? பூனை குறுக்க வந்துச்சா?"

"இல்லை."

"யாராச்சும் தும்முனாங்களா?"

"இல்லை."

"எங்க போறீங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

பொய் சொல்ல முடியுமா? "கேட்டாள்" என்றேன்.

"யாரு?"

"என் சம்சாரம்."

"அதோட விட்டாங்களா, வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கடைசியில் 'மாட்டிக்கிட்டு' என்று காதில் விழுந்தது."

"எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு முழிக்கப்போறீங்கன்னு சாபம் விட்டாங்க, அப்படித்தானே?"

இந்த இடத்தில், கிரிகரி, "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் மேலதிகாரிகள் என்ன கேட்டாலும் மறுத்துப் பழக்கமில்லாத என் வாய், "இருக்கலாம்" என்றது. சபை முழுவதும் சிரித்தது. துபாஷி எல்லாவற்றையும் துரைக்கு விளக்கினார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தம்முடைய துரைசானியும் தினமும் தம்மை எங்கே போகிறீர் என்று கேட்பதாகவும், தாம் இதுவரை சாக்கடையில் விழவில்லை என்றும் சொன்னார். அது எனக்கு அனுகூலமான வார்த்தைதான். ஆனால் எதிர்வக்கீல் விடவில்லை. "வாதி அதை நம்புகிறவர், கனம் கோர்ட்டாரே! மனைவி கேட்டுவிட்டாள் என்று மனசு கலங்கித்தான் தடுமாறியிருக்கிறார். பலகை இருந்திருந்தாலும் விழுந்திருப்பார்!" என்றார். "நீங்க கிறிஸ்தவர்தானே, சகுனத்தை நம்புறீங்களா?" என்று என்னிடம் திரும்பிக் கேட்டார். நம்புகிறேன் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். நம்பவில்லை என்றால், அன்று ஏன் கையை ஆட்டிவிட்டு ஓடினீர் என்று கேட்பார். தண்ணீர் வேண்டும் என்றேன். தண்ணீர் குடித்து முடிவதற்குள் துரை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: கேள்வி கேட்ட அம்மாளே அடுத்த விசாரணைக்கு வந்து, தான் கேட்டது என்ன என்பதைச் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிலோமினா எழுந்து வெளியே போவதை நான் கூண்டிலிருந்து பார்த்தேன். தூரக் கண்ணாடி போட்டிருந்தபடியால் அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. தெரியாமலிருந்திருக்கலாம்.

நான்காம் எண். (இதை மனதுக்குள்.) வீட்டுக்கு வந்தபோது அவள் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே நான், "எங்கே..." என்று ஆரம்பித்து, வார்த்தையைப் பாதியில் விழுங்கிக்கொண்டேன். "கேளுங்க, கேளுங்க! உங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரியுது, காதால கேக்கத் தெரியுதா?" என்றாள். "நான் கேட்டதுல பாதியத்தான் கோர்ட்டுல சொன்னீங்க. அந்தக் கூண்டுல என்னைய ஏத்தினா முழுசாச் சொல்ல வேண்டியிருக்கும். முழுசாச் சொன்னா உங்க கேசு என்னாகும்? நான் கிள்ளானுக்குப் போறேன். எவனும் என்னைக் கூப்பிட வரவேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். இதை நான் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். மீதிப் பாதியில் இன்னும் பெரிய சாபம் ஏதாவது இருந்ததா? சத்தியம் செய்து அதைச் சொல்லி என்னை அவமானப்படுத்துவேன் என்கிறாளா? மிரட்டல் என்றே முடிவு செய்கிறேன், ஆனால் மிரட்டுகிறவள் போகிறபோக்கில் என் தலையணை உறையை ஏன் மாற்றிவிட்டுப் போனாள் என்பது விளங்கவில்லை. (இனி உரக்க வாசிக்கலாம்.)

ஐந்தாம் எண். தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தபசு காலமாயிருப்பதால் சோறு குழைந்து போவதும், குழையாமல் போவதும், அடியில் பிடித்துப் போவதும் எல்லாமே ஒறுத்தல் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ரசம் வைத்தேன், வீரம்மா எட்டிப்பார்த்து, "என்னாங்கய்யா, லோங்காங் தண்ணியச் சட்டியில புடிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். அவள் அதிகம் படிக்காதவள், பொருட்படுத்தவில்லை. கொசுவலையை எந்த மூலையிலிருந்து கட்டத் தொடங்குவது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மற்றப்படி வீடு அமைதியாக இருக்கிறது. நான் வெளியே போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. உள்ளே வந்தாலும் கேட்பதில்லை. வழக்கப்படி பார்த்தால் இது நல்ல சகுனம்.

ஆகவே, கிரிகரி, மேற்கண்டவற்றைச் சீர்தூக்கிப் பார்த்து, உம்முடைய தமக்கையிடம் நீர் எடுத்துச்சொல்ல வேண்டியது இதுதான்: அவள் மேல் குற்றமில்லை என்று நான் தர்க்கரீதியாக நிரூபித்துவிட்டேன். அடுத்த விசாரணைக்கு வந்து, "எங்க போறீங்கன்னு மட்டுந்தான் கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழக்கும் ஜெயிக்கும், அவள் பெயரும் சுத்தமாகும். கூடவே அந்தக் கொசுவலையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

உம்முடைய மனைவி மகதலேனாவுக்கு என் அன்பைச் சொல்லும். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடும். அடுப்படியில் இருப்பவருக்கு என் வணக்கத்தை, தலையைச் சற்றுக் குனிந்தே தெரிவியும். தேவமாதா உங்கள் எல்லாரையும் மேடு பள்ளமில்லாத வழியில் நடத்துவாராக.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
ம. சவரிராயன்

பின்குறிப்பு: உறை ஈரமாகவும் ஒருமாதிரி வாசனையாகவும் இருப்பதற்கு மன்னிக்கவும். கடிதத்தை எழுதி ஒட்டிக் கையிலெடுத்துக்கொண்டு, மேஜையை விட்டு எழுந்த கோலத்திலேயே தபாலில் போடப் புறப்பட்டேன். யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டே தெருவைக் கடந்தேன். பக்கிரிசாமி அவனுடைய வக்கீல் சொற்படி புதுப்பலகை போட்டிருக்கிறான். பழையதைவிட அகலம், கண்ணுக்குத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு வேறு அடித்திருக்கிறான். அதற்குப் பக்கத்தில் காலை வைத்து விழுந்தேன். இந்தத் தடவை மற்றக் கால்.

பக்கிரிசாமி மேலேயிருந்து குனிந்து, "கிராணி ஐயா! பலகை இருக்கு, அம்மா கிள்ளான்ல இருக்காங்க. இப்ப யார் மேலங்க கேசு?" என்றான். வீரம்மா கரண்டியோடு ஓடி வந்து, "இன்னிக்கு யாரும் கேக்கலியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நான் மல்லாந்து கிடந்தபடி, நெஞ்சின்மேல் கிடந்த இந்த உறையைப் பார்த்தேன். 'கிள்ளான்' என்ற எழுத்துகள் முத்துமுத்தாகத் தெரிந்தன. நிமிர்ந்து காப்பிக்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய எழுத்து, வெறும் புகையாகத் தெரிந்தது. மூக்கைத் தடவிப் பார்த்தேன். படிக்கிற கண்ணாடி.

அன்றும் அதுவேதான், கிரிகரி. பத்திரிகையை மடித்துவைத்தேன், கண்ணாடியை மாற்றவில்லை. சேதப் பட்டியலில் நானே சொன்னேன். வக்கீலும் எழுதினார், துரையும் வாசித்தார், நடுத்தெருவில் இவனுக்குப் படிக்கிற கண்ணாடி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் கேட்டிருக்கிறாள். "எங்க போறீங்க, படிக்கிற கண்ணாடிய மாட்டிக்கிட்டு?" இதில் சாபம் எங்கே இருக்கிறது? நின்று கேட்டுக் கண்ணாடியை மாற்றியிருந்தால் பலகை இல்லாததைக் கண்ணால் கண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். இதைச் சத்தியம் செய்து சொல்ல நேர்ந்தால் என் வழக்கு போய்விடும் என்றுதான் அவள் கூண்டில் ஏறாமல் உம் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்காம் எண்ணில் நான் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது. அதையும் இனி உரக்கவே வாசியும்.

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி ராதாகிருஷ்ணனுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். ஒட்டின உறையைப் பிரித்து, இதைப் பக்கிரிசாமியின் பெஞ்சில், அதாவது பழைய பலகையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் காப்பி கொடுத்தான். முதல் எண்ணைப் பற்றி வக்கீல்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கும் போலிருக்கிறது. நான் திருத்த வேண்டியது இரண்டாம் எண். பிலோமினா கேட்ட கேள்விக்கும் நான் விழுந்ததற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. சம்பந்தம் உண்டு. அவள் கேட்டதை நான் முழுசாகக் கேட்கவில்லை; அந்த நிமித்தமே விழுந்தேன்.